பொத்தானக்கா கை வைத்த தோள்

யாராவது ஓசியில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால்கூடப் பொத்தானக்கா அதை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். அப்படிப்பட்டவளிடம் போய், "வாரத்துல ஒரு சாயங்காலம் பெரியவங்களுக்கு வகுப்பு நடக்குது. பைசா கிடையாது. பண்பாடு, அரசியல், குடிமைன்னு எல்லாம் பேசலாம். டீயும் பிஸ்கெட்டும் உண்டு" என்றால் என்ன ஆகும்? முகர்ந்து பார்த்தாள். ஏதோ தீய்கிற வாடை அடித்தது.

"பைசா வாங்காம ஒருத்தன் எதுக்கு வந்து தொண்டைத் தண்ணி வத்தக் கத்தணும்? அவனுக்கு வீடு வாசல் இல்லையா?" என்றாள் நாத்தனாரிடம்.

"உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம் அண்ணி. சும்மா வாங்க. பிடிக்கலைன்னா பிஸ்கெட்டைத் தின்னுட்டு வந்துடலாம்" என்றாள் நாத்தனார்.

பொத்தானக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது அவள் தொழிலால். துணியை வட்டமாக வெட்டி, தகரக் குமிழின் மேல் போர்த்தி, கைமெஷினில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் துணிப் பொத்தான் தயார். மூடுசந்தையின் கடைசி வரிசையில், கழிப்பறைக்கு முந்தைய கடை அவளுடையது. கடை என்று மரியாதைக்குச் சொல்கிறோம். ஒருத்தர் உள்ளே நின்றால் இன்னொருத்தர் மூச்சு விட வெளியே வரவேண்டும். அவள் கடைக்கும் பக்கத்தில் இருந்த சாவிக்காரர் கடைக்கும் நடுவில் சுவர்கூடக் கிடையாது. ஒரு தகரத் தடுப்புதான். அவர் அரத்தால் ராவினால் இவளுக்குப் பல் கூசும். இவள் மெஷினை அழுத்தினால் அவருடைய ஆணிகளில் தொங்கும் சாவிகள் கிணுகிணுக்கும். ஆனாலும் இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அரம் சத்தம் பொறுக்காவிட்டால் தகரத்தில் ஓங்கி ஒரு குத்து விடுவாள். சத்தம் நிற்கும். அவ்வளவுதான்.

பேச்சு நின்றதற்குக் காரணம் இருந்தது. முன்பெல்லாம் சந்தையின் முன்வரிசையில், வாசலைப் பார்த்தாற்போல அவள் புருஷனுக்குப் பெரிய கடை இருந்தது. நூல், ஜிப், ஊசி, லைனிங் துணி எல்லாம் மொத்தமாக விற்றான். சந்தையின் பின்வாசலை நிர்வாகம் திடீரென்று அடைத்தபோது அவன்தான் எல்லாருக்கும் முன்னால் நின்று பேசினான். மற்றவர்கள் பின்னால் நின்று பலமாகத் தலையாட்டினார்கள். கொஞ்ச நாளிலேயே, "மின்கம்பி சரியில்லை, ஆபத்து" என்று அவன் கடைக்கு மட்டும் நிர்வாகம் பூட்டுப் போட்டது. மற்ற கடைகளில் எல்லாம் கம்பி என்ன தங்கத்திலா ஓடியது? கேட்க ஒரு நாதி இல்லை. அந்தப் பூட்டை மாட்டியவர் சாவிக்காரர். ஆபீசில் கூப்பிட்டார்கள், திருப்புளியை எடுத்துக்கொண்டு போனார், மாட்டினார், தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தார்.

புருஷன் வெளியூரில் லாரி ஓட்டப் போனான். எப்போதாவது வீட்டுக்கு வருகிறவன், விருந்தாளி மாதிரிச் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு நாற்காலியின் நுனியில் உட்காருகிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். இதற்குமேல் அவள் யாரை நம்ப வேண்டும் என்கிறீர்கள்?

இப்போது நிர்வாகம் சந்தையையே இடித்துவிட்டு வண்டிகள் நிறுத்தும் இடம் கட்டப் போகிறதாம். எல்லாரும் சத்தம் போடாமல் காலி செய்ய வேண்டுமாம். சத்தம் போட்டது நாத்தனார்தான். நடுவரிசையில் தையல் கடை வைத்திருந்தாள். புருஷன் செத்த பிறகு இரண்டு பெண்களை அந்தத் தையல் மெஷின்தான் வளர்த்துக்கொண்டிருந்தது. யாருக்கு எந்தத் தகராறு வந்தாலும் நேராக அவளிடம்தான் ஓடுவார்கள். அண்ணனுக்கு நேர்ந்ததைக் கண்ணால் பார்த்தும் அந்தப் பெண்ணுக்குப் புத்தி வரவில்லையே என்று பொத்தானக்கா மறுகினாள். நாளைக்கு அந்தக் கடைக்கும் ஒரு பூட்டு விழுந்தால் மூன்று உயிர் நடுத்தெருவில் நிற்கும். பூட்டு விழ என்ன வேண்டும்? யார் முன்னால் நிற்கிறார்கள் என்று ஆபீசுக்குத் தெரிய வேண்டும். அவ்வளவு போதும்.

அதனால்தான் அவள் வகுப்புக்குப் போனாள். படிக்கப் போகவில்லை, காவலுக்குப் போனாள்.

சந்தையின் மாடியில் காலியாகக் கிடந்த கிடங்கில் வகுப்பு நடந்தது. கடைகளை அடைத்த கையோடு ஆளுக்கொரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். சாவிக்காரரும் வந்து கதவோரமாக ஒதுங்கிக்கொள்வார். சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் பொடி அப்பியிருந்ததால் வாத்தியாருக்குச் சாக்பீஸ் சார் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மெலிந்த உடம்பு. பேசுகிறவர் வாயைப் பார்த்தபடி கேட்கிற பழக்கம். பொத்தானக்கா அவரை முதல் நாளே எடை போட்டாள். டீ குடிப்பதில்லை. எதையும் எழுதிக்கொள்வதில்லை. ஆனால் போன வாரம் யார் என்ன சொன்னார்கள் என்று அப்படியே ஒப்பிக்கிறார்.

"எழுதாதவனை நம்பவே கூடாது. எல்லாத்தையும் மண்டைக்குள்ள ஏத்திட்டுப் போறான்" என்றாள் பக்கத்திலிருந்த மெத்தைக்காரரிடம். மெத்தைக்காரர் நல்ல தூக்கத்தில் இருந்தார். பஞ்சு அடித்துப் பழகிய உடம்பு, உட்கார்ந்தால் போதும்.

முதல் வகுப்பில் பண்பாடு. அவரவர் வீட்டில் கேட்டு வளர்ந்த தாலாட்டைப் பாடச் சொன்னார். மெத்தைக்காரர் எழுந்து ஒன்று பாடி, தன் பாட்டிலேயே கொட்டாவி விட்டார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'மயக்கிப் போடப் பார்க்கிறான்' என்று பொத்தானக்கா நினைத்துக்கொண்டாள். அடுத்து, சட்டம் எங்கே பிறக்கிறது, நம் கைக்கு எப்படி வந்து சேருகிறது என்று பாடம். அது நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததால் சந்தேகம் இன்னும் கூடியது.

பிறகு ஒரு நாள் சார் கேட்டார். "உங்க சந்தையில ஒரு கஷ்டம்னா, முதல்ல யார்கிட்ட போய் நிப்பீங்க?"

நாத்தனார் பக்கம் திரும்பப்போன இரண்டு தலைகளைப் பொத்தானக்கா கண்ணாலேயே மிரட்டி நிறுத்தினாள்.

"இப்ப சொல்ல வேணாம். அடுத்த வாரம் செஞ்சே பார்ப்போம். எல்லாரும் எழுந்து நிக்கணும். யாரை நம்பறீங்களோ அவங்க தோள்ல கை வைக்கணும். வாயே திறக்கக் கூடாது. அதிகாரம் நாற்காலியில இருக்கு, நம்பிக்கை எங்க இருக்குன்னு அப்பக் கண்ணாலயே தெரியும்" என்றார் சார்.

நம்பிக்கை எங்கே இருக்கிறது என்று இவருக்கு எதற்குத் தெரிய வேண்டும்? அன்று வகுப்பு முடிந்ததும் பொத்தானக்கா வீட்டுக்குப் போகவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரின் பின்னாலேயே போனாள். அவர் படியிறங்கி, சந்தை வாசலைத் தாண்டி, நேராக எதிரே இருந்த நிர்வாக ஆபீஸ் படியில் ஏறினார். மேனேஜரே வெளியே வந்தார். இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். பிறகு மேனேஜர் காகிதத்தில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து நீட்ட, சார் அதைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தார்.

"அடப்பாவி!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். தெருவில் போன ஒருவர் தன்னைத்தான் சொல்கிறாள் என்று பயந்து ஒதுங்கிப் போனார்.

மறுநாள் மத்தியானம் அவள் கடைக்குள் மாநாடு நடந்தது. நாத்தனாரும், மெத்தைக்காரரும், முன்வரிசையில் குடை பழுதுபார்க்கிற குடைக்காரம்மாவும் எப்படியோ உள்ளே நுழைந்து, ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் குத்த நின்றார்கள். பார்த்ததையெல்லாம் பொத்தானக்கா ஒன்று விடாமல் சொன்னாள். அரம் சத்தத்துக்காகத் தகரத்தைக் குத்த வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. அந்தப் பக்கம் அப்போது அமைதியாக இருந்தது.

"அப்ப வகுப்புக்கே போக வேணாம், விட்டுடலாம்" என்றார் மெத்தைக்காரர்.

"போகலைன்னா பயந்துட்டோம்னு தெரிஞ்சுபோகும். போகணும். ஆனா யாரும் என் நாத்தனார் தோள்ல கை வைக்கக் கூடாது. எல்லாக் கையும் வேற ஒரு ஆள் மேல விழணும். சும்மா ஒரு ஆள். ஆபீஸ்காரன் பிடிச்சாலும் நமக்கு நஷ்டமில்லாத ஆள்."

"யாரு?"

பொத்தானக்கா வாயால் சொல்லாமல் கட்டைவிரலால் தகரத்தைக் காட்டினாள்.

"ஐயோ, அவரா! அவர் வாயில்லாப்பூச்சி, அண்ணி" என்றாள் நாத்தனார். "பாவம்."

"என்ன பாவம்? உங்க அண்ணன் கடைக்குப் பூட்டு மாட்டினப்ப அந்தப் பூச்சிக்குக் கை மட்டும் இருந்துச்சா? மாட்டினவன் கடைக்கே ஒரு பூட்டு விழட்டும். அப்பத் தெரியும், பூட்டு வெளியே இருந்து எப்படி இருக்கு, உள்ளே இருந்து எப்படி இருக்குன்னு."

ரகசியம் பேசுகிறாள் என்று பேர். அவள் ரகசியம் கழிப்பறை வரை கேட்கும். நாத்தனார் அரை மனதோடு தலையாட்டினாள். குடைக்காரம்மா மற்ற கடைகளுக்குச் சேதி சொல்லக் கிளம்பினாள்.

வகுப்பு நாள் வந்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். சாவிக்காரர் வழக்கம்போல் கதவோரமாக, போகிற வருகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் நின்றார். "ம், ஆரம்பிக்கலாம்" என்றார் சார். முதலில் அசைந்தது பொத்தானக்காதான். அத்தனை பேரையும் ஏவிவிட்டவள் பின்தங்கினால் நன்றாக இருக்காதே. நேராகப் போய்ச் சாவிக்காரரின் தோளில் கை வைத்தாள். கை கூசியது. சட்டைக்கு அடியில் எலும்பு தட்டுப்பட்டது. அவர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு மெத்தைக்காரர் வந்தார், குடைக்காரம்மா வந்தாள், ஒவ்வொருவராக எல்லாரும் வந்தார்கள். தோளில் இடம் போதாமல் முதுகிலும் கையிலும் தொட்டார்கள். கடைசியாக நாத்தனார் வந்து ஒரு விரலை மட்டும் வைத்தாள்.

சாவிக்காரரின் கண்கள் கலங்கியதைப் பொத்தானக்கா மிக அருகிலிருந்து பார்த்தாள். 'நிஜம்னு நம்பிட்டான் போலிருக்கே!' அவளுக்கு என்னவோ செய்தது. செய்யட்டும் என்று கையை அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"நான் இதை எதிர்பார்க்கல" என்றார் சார். 'பார்த்திருக்க மாட்டே, ஏமாந்தியா' என்று அவள் மனசுக்குள் சிரித்தாள். "சரி, நீங்க யார் தோள்ல கை வைப்பீங்க?" என்று சார் சாவிக்காரரைக் கேட்டார்.

"எல்லாரும் என்னைச் சுத்தி நின்னுட்டாங்க சார். கையைத் தூக்கவே இடமில்ல" என்றார் அவர். கிடங்கே சிரித்தது.

அதற்குப் பிறகு சந்தையில் அவரை எல்லாரும் "தலைவரே" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கேலிதான். அவரோ கூப்பிட்டவர்களுக்கெல்லாம் நின்று பதில் சொன்னார். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஒரு நாள் காலையில் பொத்தானக்கா தன் கடைப் பூட்டைத் திறந்தபோது, எப்போதும் மக்கர் செய்கிற பூட்டு வெண்ணெய் மாதிரித் திறந்துகொண்டது. யாரோ எண்ணெய் போட்டிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, சந்தையில் பூட்டுக்கு எண்ணெய் போட வேறு யார் இருக்கிறார்கள்? கள்ளச்சாவி போட்டு வைத்துக்கொண்டானோ என்று நாள் முழுக்க அதே யோசனை. மறுநாளே புதுப் பூட்டு வாங்கி மாட்டினாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை நேரம். கடைசி வரிசையில் ஒரே காலடிச் சத்தம். பொத்தானக்கா மெஷினை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். மேனேஜர், அவருக்குப் பின்னால் இரண்டு ஆபீஸ் ஆட்கள், கூடவே கருவிப் பெட்டியோடு மூக்குக்கண்ணாடி போட்ட வெளியாள் ஒருவர். சாவிக்காரரின் ஷட்டரை இறக்கியிருந்தார்கள். அவர் தன் முக்காலியைக் கையில் பிடித்துக்கொண்டு நடைபாதையில் நின்றார்.

"என்ன நடக்குது?" நடுவரிசையிலிருந்து நாத்தனார் கழுத்தில் டேப்போடு ஓடி வந்தாள். அவள் பின்னால் பாதிச் சந்தை.

"மின்கம்பி சரியில்ல" என்றார் மேனேஜர். பிறகு அவருக்கே எரிச்சல் தாங்கவில்லை போலிருக்கிறது. "நீங்களே கேளுங்கம்மா இவரை. உங்க கடைக்குத்தான் பூட்டு மாட்டச் சொன்னோம். முடியாதுன்னுட்டார். இதுவரைக்கும் ஒரு நாள் முடியாதுன்னு சொன்ன ஆள் இல்ல. கேட்டா, 'அந்தம்மா தலைவி இல்ல, நான்தான் தலைவன். எதுவா இருந்தாலும் என்கிட்ட பேசுங்க. வகுப்புல அத்தனை பேரும் என் தோள்லதான் கை வெச்சாங்க'ங்கறார். அப்படியா, அப்ப உங்க கடைக்கே போட்டுடறோம்னு வந்துட்டோம்."

பொத்தானக்கா குறுக்கே வந்தாள். "அப்ப அந்தச் சாக்பீஸ் வாத்தியார் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"யாரு, அந்தக் கிடங்கு வாத்தியாரா? அந்த ஆளா! ஒரு பல்பு குடுங்க, இருட்டுல வகுப்பு எடுக்க முடியலன்னு படியேறிப் படியேறி என் உயிரை வாங்கினான். தொல்லை விட்டா போதும்னு ஒரு பல்பை எடுத்துக் குடுத்தேன். அவன் என்ன சொல்லணும்? உங்க நாத்தனார் கத்துறது ஃபேன் சத்தத்தையும் மீறி ஆபீசுக்குள்ள கேட்குது. இதுக்கு ஒரு ஆள் வெச்சு வேற கண்டுபிடிக்கணுமா?"

பல்பு. காகிதத்தில் சுற்றிய பல்பு. அந்தப் பல்பு வெளிச்சத்தில்தானே அவள் அத்தனை பேரையும் சாவிக்காரர் தோளில் கை வைக்க வைத்தாள். பொத்தானக்காவுக்கு அவமானத்தில் காது ரெண்டும் எரிந்தது. ஆனால் வெட்கப்பட இப்போது நேரமில்லை. வெளியாள் பெட்டியைத் திறந்து பூட்டை வெளியே எடுத்துவிட்டார். அவள் தகரத்தைக் குத்தியபோதெல்லாம் நின்ற அரம் இனி ஓடவே ஓடாது. அதுவும், அவள் சொல்லிக்கொடுத்த பொய்யை அந்த மனுஷன் நம்பித் தொலைத்த பாவத்துக்காக.

"நிறுத்துங்க!" என்றாள். "அவர் தலைவரும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது பொய். நான்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்து அவர் தோள்ல கை வைக்க வெச்சேன். பலிகடாவா நிறுத்தினேன். அது தெரியாம அவர் நிஜம்னு நெனச்சுக்கிட்டு..."

எல்லார் எதிரிலும் அந்த மனுஷனிடமிருந்து கடையையும் மானத்தையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டோமே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"தெரியும்மா" என்றார் சாவிக்காரர்.

"என்ன தெரியும்?"

"நடுவுல தகரம்தானே இருக்கு. நீங்க பேச ஆரம்பிச்சதும் அரத்தைக் கீழே வெச்சுட்டேன். முழுசாக் கேட்டேன்."

"கேட்டுட்டுமா வகுப்புக்கு வந்து நின்னீங்க?"

அவர் முக்காலியைக் கீழே வைத்தார். பேசிப் பழக்கமில்லாத மனுஷன்.

"உங்க வீட்டுக்காரர் கடைக்குப் பூட்டு மாட்டினேனே, அன்னிக்கு ரொம்ப மெதுவா மாட்டினேன்மா. யாராவது ஒருத்தர் வந்து என் கையைப் பிடிச்சு 'மாட்டாதே'ன்னு சொல்லமாட்டாங்களான்னு பார்த்துப் பார்த்து மாட்டினேன். சுத்தி எல்லாரும் நின்னீங்க. யாரும் சொல்லல. நானாவே நிறுத்தியிருக்கணும். தைரியம் இல்ல. அந்தப் பூட்டு என் நெஞ்சுலயே தொங்குது. நீங்க பழி வாங்கறதுக்குத்தான் கை வெச்சீங்க, தெரியும். இருந்தாலும் அவ்வளவு கை, நிஜமாவே தோள் மேல இருந்துச்சு. அதைச் சொல்லியாவது ஒரு தடவை முடியாதுன்னு சொல்லிப் பார்க்கலாம்னு..."

மெத்தைக்காரர்கூட முழித்துக்கொண்டுதான் இருந்தார். சுத்தி எல்லாரும் நின்னீங்க என்றாரே, அந்த எல்லாரிலும் பொத்தானக்கா ஒருத்தி. அன்று அவள் மண்ணை வாரித் தூற்றினாள், அவரைச் சபித்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். கையைப் பிடித்தாளா? இல்லை. அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ஆச்சா? நீ வேலையைப் பாருய்யா" என்றார் மேனேஜர்.

வெளியாள் குனிந்து ஷட்டரின் கொண்டியைப் பொருத்திப் பார்த்தார். பொருந்தவில்லை. அந்த ஷட்டரின் அடிப்பட்டை கோணல். முழங்காலால் ஒரு முட்டு முட்டித் தூக்கினால்தான் துளை நேராக வரும். அது சாவிக்காரருக்கு மட்டும் தெரிந்த சங்கதி. வெளியாள் இப்படித் திருப்பி அப்படித் திருப்பித் தடுமாறினார். திருப்புளி வழுக்கி விரலில் கீறியது. அதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல், பழக்க தோஷம், சாவிக்காரர் ஒரு அடி முன்னால் வைத்து ஷட்டரைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

பொத்தானக்கா அவர் தோளைப் பிடித்து நிறுத்தினாள். இந்தத் தடவை கை கூசவில்லை.

"மாட்டாதீங்க அண்ணே" என்றாள்.

அவர் நின்றார். அவள் அவரைத் தாண்டிப் போய் வெளியாளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முன்பின் பார்த்திராத அந்த மனுஷனின் கையை, திருப்புளியோடு சேர்த்து, தன் இரண்டு கையாலும் பிடித்தாள்.

"நீங்களும் மாட்டாதீங்க, ஐயா."

அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார், பிறகு மேனேஜரைப் பார்த்தார். "ம், மாட்டுய்யா" என்றார் மேனேஜர். பின்னால் நாத்தனார் வந்து உட்காரும் சத்தம் கேட்டது, மெத்தைக்காரர் மூச்சிரைக்க உட்காரும் சத்தம் கேட்டது. வெளியாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவளும் விடவில்லை.